கையா, காயா?

மரங்களுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், இமயமலைச் சரிவு ஒன்றில் இரண்டு மரங்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று தாலிசம். இப்போது ஃபிர் என்கிறோமே, அதேதான். மற்றது ஸ்ப்ரூஸ். அப்போது இரண்டுக்கும் ஒரே உயரம், ஒரே ஊசி இலை, கீழே தொங்கும் ஒரே மாதிரிக் காய். பெற்ற மலைக்கே அடையாளம் தெரியாது. ஆனால் இருமலுக்குக் கேட்பது தாலிசத்தின் இலை மட்டும்தான்.

ஆடு மேய்க்கிற துலாரியின் மகளுக்குக் கக்குவான் இருமல். பிள்ளைக்குப் பால்கூட இறங்கவில்லை. துலாரி ஓடிவந்து, "தாலிசம் யாருப்பா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றது ஸ்ப்ரூஸ். பெயர் வாங்கும் ஆசை, வேறென்ன? தாலிசத்துக்குக் காது மந்தம். பேச்சு நடந்ததே அதற்குத் தெரியாது.

துலாரி அந்த இலையில் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். இருமல் இன்னும் ஏறிவிட்டது.

மறுநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே வந்தாள்.

"என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது. இன்னொரு தப்பு இலையை அது தாங்காது. தாலிசம் எதுவோ, அது கையைத் தூக்கட்டும்" என்று கத்தினாள்.

ஸ்ப்ரூஸ் சட்டென்று ஒரு கிளையைத் தூக்கியது. தாலிசத்தின் காதிலோ 'கை' என்பது 'காய்' என்று விழுந்தது. காயை எந்த மரம் தூக்கும்? ஆனாலும் குழந்தையைப் பார்த்ததும் அதற்கு மனசு கேட்கவில்லை. மூச்சைப் பிடித்து முக்கி, தொங்கிய காய்களையெல்லாம் நிமிர்த்தி நிறுத்தியது.

ஸ்ப்ரூஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கையைத் தூக்கச் சொன்னா காயைத் தூக்குது பாரு. இந்தத் தாலிசம் சரியான செவிடு" என்றது.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது. துலாரி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தாலிசத்தின் இலையைப் பறித்து, அங்கேயே கல் கூட்டிக் கொதிக்கவைத்துப் புகட்டினாள். பொழுது சாய்வதற்குள் குழந்தை இருமாமல் தூங்கிவிட்டது.

துலாரி மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பட்டையருகே வாயை வைத்து உரக்கச் சொன்னாள்: "போதும் சாமி, காயை இறக்கிக்கோ. வலிக்கும்."

"இருக்கட்டும் தாயி. நாளைக்கு இன்னொருத்தி பிள்ளையைத் தூக்கிட்டு வருவா. அவ கூப்பிடுறது எனக்குக் கேட்குமோ என்னமோ" என்றது தாலிசம்.

அன்று நிமிர்ந்ததுதான், ஃபிர் மரத்தின் காய் இன்றுவரை வானம் பார்த்தே நிற்கிறது. ஸ்ப்ரூஸின் காய் தலையைத் தொங்கப்போட்டு, முற்றியதும் முழுசாகக் கீழே விழும். ஃபிர் தன் காயைக் கீழே போடாது. நின்ற இடத்திலேயே அது செதில் செதிலாக உதிர்ந்து தீரும், ஆனால் இறங்காது.