உப்பளத்துக் கிருமிக்கு யார் பேர்?

அநியாயம் நடந்தது ஜெசிந்தாவுக்கு. தூத்துக்குடி உப்பளச் சேற்றில் மூன்று மாதம் கால் புண்ணாக நின்று, புதுமருந்து சுரக்கும் இளஞ்சிவப்புக் கிருமி ஒன்றைப் பிடித்து வந்தவள் அவள். ஆய்வுக்கூடத்துச் சீனியர் திரவியமோ, "அதை எடுத்ததே நான்தான்" என்று கூசாமல் சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக இட்லி மாவுக் கிருமியை ஆராய்கிற மனுஷன். உப்பளத்தை பஸ் ஜன்னலில் பார்த்ததோடு சரி.

நாலு மணிக்குள் ஆய்விதழுக்குக் கட்டுரை போயாக வேண்டும். கண்டுபிடித்தவர் என்று முதலில் போடும் பேர் யாருடையது? பேராசிரியை கோமதி மேடம் டீயும் கையுமாக விசாரணையைத் தொடங்கினார்.

"அன்னைக்கு அடிச்ச வெயில்ல மேடம், என் நிழலே சூடு தாங்காம சட்டைப் பைக்குள்ள ஏறிருச்சு" என்றார் திரவியம்.

"பையில பேனா இருந்திருக்குமே, இடம் பத்துச்சாண்ணே?" என்றான் பக்கத்து மேஜை இசக்கிராஜா.

திரவியம் காதில் வாங்கவில்லை. "உப்புக்காத்து வேற. மேல பறந்த கொக்கு கருவாடா கீழ விழுது."

"கொக்குக் கருவாடா!" என்றான் இசக்கிராஜா.

"ரெண்டு நாள் வச்சுத் தின்னேன். உப்பு கொஞ்சம் கம்மி."

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உப்புப் பாத்தியில குனிஞ்சேன்" என்று தொடர்ந்தார் திரவியம். "கிருமி தானா வந்து விரலைப் பிடிச்சுக்கிச்சு. அது சுரந்த மருந்துல ஒரே சொட்டு, கைக்குட்டையில நனைச்சு ஆஸ்பத்திரி வாசல்ல உதறினேன். நோயாளியெல்லாம் வீட்டுக்கு நடந்துட்டாங்க. பிணவறையில இருந்து ரெண்டு பேர் எந்திரிச்சு வந்து டீ கேட்டாங்க. டாக்டர்தான் பாவம், வேலையில்லாமப் படுத்துட்டார்."

மேடம் சிரிக்கவில்லை. "கதை இருக்கட்டும். ரெண்டு பேரும் தனித்தனியாப் போனதாத்தான் சொல்றீங்க. சாட்சி இல்லையே, ஜெசிந்தா?"

ஜெசிந்தா எழுந்தாள். "ஒரே கேள்வி மேடம். அண்ணே, கிருமியை இங்க எப்படிக் கொண்டுவந்தீங்க?"

"வீட்டுக்கு வர்ற விருந்தாளியை அழுக்கோடயா கூட்டிட்டு வருவாங்க? சேறு போக நல்ல தண்ணியில மூணு தடவை அலசி, கேன் தண்ணியில மிதக்கவிட்டுக் கொண்டாந்தேன்."

மேடத்தின் டீ பாதி வழியில் நின்றது. கொடும் உப்பில் மட்டுமே பிழைக்கும் அந்தக் கிருமி, நல்ல தண்ணீர் பட்டால் ஊதி வெடித்துவிடும். சேர்ந்து ஒரு வாரமான மாணவிக்கும் அது தெரியும்.

"என் கிருமி வெடிக்கல மேடம், நீச்சல் பழகிருச்சு!" என்றார் திரவியம்.

ஜெசிந்தா நிதானமாகச் சொன்னாள்: "உயிரோட இருக்கிற கிருமிக்கு என் பேரைப் போடுங்க மேடம். அண்ணன் கொண்டுவந்ததுக்கு இரங்கல் கூட்டம் போட்டுருவோம்."