எட்டரை அடி மூங்கில்

"மணி அடிச்சா கை நடுங்குது மேடம்" என்றார் இசக்கிமுத்து.

"எந்தக் கை?" என்று கேட்டார் நிலைய அலுவலர் மரியபுஷ்பம்.

இசக்கிமுத்து இரண்டையும் நீட்டினார்.

அவர் தீயணைப்பு வண்டியின் டிரைவர். வயது நாற்பத்தேழு, சர்வீஸ் இருபத்தொரு வருடம். அந்த அம்மாவுக்கு முப்பத்தொன்று. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரிடம் போய் இதைச் சொல்ல அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் பஞ்சுக்கடைச் சந்தில் தீப்பிடித்தது. ஆறே நிமிடத்தில் வண்டி சந்து முனைக்குப் போய்விட்டது. உள்ளே போகத்தான் முடியவில்லை. ஒரு கரும்பு ஜூஸ் மெஷின், ஒரு லோடு ஆட்டோ, யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நட்ட பந்தல்கால். குழாய்களைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தையல்கார ஆவுடையப்பனை வெளியே தூக்கி வந்தபோது உயிர் இல்லை.

"நெருப்பப் பாத்து பயமில்ல மேடம். போய்ச் சேருவோமான்னுதான் பயம். ஸ்டியரிங்கப் புடிச்சா ஆவுடையப்பன் வீட்டு ஜன்னல்தான் கண்ணுல நிக்கி. என்னைய ஆபீஸ் வேலைக்கு மாத்தி விட்ருங்க."

மரியபுஷ்பம் எழுந்து பின்பக்கம் போனார். ஒரு மூங்கிலோடு வந்தார். வண்டியின் இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடி வரை அளந்து, மிச்சத்தை அறுத்துப் போட்டார்.

எட்டரை அடி.

"டூட்டி முடிஞ்சதும் இத நெஞ்சுக்கு நேரா குறுக்கப் புடிச்சிட்டு, ஒவ்வொரு தெருவா நடங்கண்ணே. இடிச்சா நில்லுங்க."

"நின்னு?"

"நின்னாப் போதும்."

கேட்டது இடமாற்றம், கிடைத்தது மூங்கில். இசக்கிமுத்துவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் நடந்தார்.

"என்ன அண்ணாச்சி, காவடியா?" என்று பஜாரே சிரித்தது.

மிக்சர் கடை வாசலில் மூங்கில் இடித்தது. ரோட்டில் அடுப்பு, அதை ஒட்டி சிலிண்டர். நின்றார்.

"இது என்ன கம்பு?" என்றார் கடைக்காரர்.

"எங்க வண்டியோட அகலம்."

கடைக்காரர் மூங்கிலின் ஒரு முனையைப் பார்த்தார். மறுமுனையைப் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு அடுப்பை உள்ளே தூக்கச் சொன்னார்.

எல்லோரும் மிக்சர் கடைக்காரர் இல்லை. பாத்திரக்கடையில் அண்டாக்களைப் பாதி ரோடு வரை அடுக்கியிருந்தார்கள்.

"கொஞ்சம் சாச்சுப் புடிங்க அண்ணாச்சி. போயிரலாம்லா?"

"கம்பு சாயும். வண்டி சாயாது" என்றார் இசக்கிமுத்து.

அரைமணி நேரம் நின்றார். பின்னால் நின்ற ஆட்டோக்காரர்கள் கடைக்காரரின் குலம் கோத்திரமெல்லாம் விசாரிக்கத் தொடங்கியதும் அண்டாக்கள் உள்ளே போயின.

தினமும் வந்ததும் மரியபுஷ்பம் இரண்டே கேள்வி கேட்பார்.

"எங்க இடிச்சுது?"

சொல்வார்.

"என்ன சொன்னாங்க?"

அதையும் சொல்வார். வண்டி வரும்போது எடுத்துக்கிடலாம் என்றார்கள். நேத்து வரைக்கும் வண்டி வந்ததா என்றார்கள். மொதல்ல பக்கத்துக் கடைக்காரனை எடுக்கச் சொல் என்றார்கள்.

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு மூங்கிலை வாங்கிச் சாத்துவார். அவ்வளவுதான்.

நடுவில் ஒருநாள் மணி அடித்தது. குப்பைக் கிடங்கில் புகை. ஓட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்கியபோது ஸ்டியரிங் வியர்வையில் நனைந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் வந்து சொன்னார்.

"எல்லாத் தெருவும் முடிஞ்சுது மேடம். கை நடுக்கம் நிக்கல."

"உங்க வீடு எந்தத் தெருண்ணே?"

"தச்சர் தெரு. நம்ம தெருதானேன்னு அங்க மட்டும் நடக்கல."

"இன்னைக்குக் கம்ப வீட்டுக்குக் கொண்டுட்டுப் போங்க."

தச்சர் தெருவில் மொத்தம் பதினெட்டு வீடு. மூங்கிலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எங்கும் இடிக்கவில்லை. தன் தெருக்காரர்களை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. ஆறாவது வீட்டையும் தாண்டினார்.

ஏழாவது அவர் வீடு.

வெயிலில் பைக் சீட் சுடுகிறதென்று போன சித்திரையில் வாசலில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். இரண்டு இரும்புக் குழாயை ரோட்டில் குழிதோண்டி நட்டு, சிமெண்டு வைத்துப் பூசியது. கொத்தனார் இரண்டடி போதும் என்றார். பைக் பின்சக்கரம் நனையக் கூடாதென்று மூன்றடி போடச் சொன்னவர் இவர்தான்.

மூங்கில் குழாயில் முட்டி 'டங்' என்றது.

இசக்கிமுத்து மூங்கிலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். தாண்டிப் போனார்.

நாலு எட்டு வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். வாசலில் அவர் மனைவி செல்வக்கனி நின்றிருந்தாள்.

"அதான் போயிருச்சே. ஏன் நிக்கிய?" என்றாள்.

அவர் தன் வீட்டுக்கு அப்பால் இருந்த வீடுகளை எண்ணினார். பதினொன்று. கடைசி வீட்டில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் சுடலை சார் இருந்தார். அவருடைய ஜன்னல் தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. ஆவுடையப்பன் வீட்டு ஜன்னலும் அப்படித்தான் இருக்கும்.

எந்த மணியும் அடிக்கவில்லை. மூங்கில் கையில் நடுங்கியது.

"பைக்க வெளிய எடு" என்றார்.

மறுநாள் காலை மூங்கிலைத் திருப்பிக் கொண்டுவந்து மரியபுஷ்பத்தின் மேஜைமேல் வைத்தார்.

"எங்க இடிச்சுது?"

"எங்க வீட்ல மேடம்."

"என்ன சொன்னாங்க?"

"சாச்சுப் புடிச்சிட்டுப் போயிரலாம்னான்."

"யாரு?"

இசக்கிமுத்து இரண்டு கைகளையும் நீட்டினார். உள்ளங்கை முழுக்கக் கடப்பாரை பிடித்த கொப்புளம்.