கோகிலாவின் கம்ப்யூட்டர் எங்கே நிற்கிறது?

அம்சவேணியிடம் தொழில் கற்க வந்தபோது செங்கோடனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பத்தாறு. திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவில், பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் கடை அவளுடையது.

செங்கோடன் அதுவரை மாட்டுத் தரகர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் அவருக்குச் சொல்லித் தராததைச் சந்தை சொல்லித் தந்தது, பாதியை அடித்துச் சொல்லித் தந்தது. தோளில் துண்டு, மூக்கு நுனியில் கோபம். இரண்டையும் அவர் எங்கேயும் இறக்கி வைத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை, கடை திறக்கும் முன்பே வந்து நின்றார்.

"அம்மிணி, ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணா."

"எம் மக கம்ப்யூட்டர் கிழடாயிருச்சு. கையில நாலாயிரம் இருக்குது. எதை முதல்ல மாத்தறது?"

அம்சவேணி ஷட்டரைத் தூக்கினாள். "வேலை நடக்கறப்ப அது எங்க நிக்குது?"

"எல்லாத்துலயும்தான். அழுத்தினா வராது, வந்தா போகாது. ஒட்டுமொத்தமா மந்தம்."

"ஒட்டுமொத்தமா மந்தம்னு சொல்றது விலையைக் குறைக்கறதுக்கு. நான் அதை வாங்க வரலையே. எங்க நிக்குது?"

பதில் தெரியாத இடத்தில் செங்கோடனுக்குக் குரல்தான் உயரும்.

"அவ எம்ப்ராய்டரி டிசைன் போடறவ. பனியன்ல பூ, பேரு, படம், எல்லாத்தையும் தையல் தையலா கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தா மெஷின் தைக்கும். சனிக்கிழமை ஒரு கம்பெனிக்கு சாம்பிள் குடுக்கோணும். இந்தக் கிழடு நடுவுல படுத்துக்குது. நீங்க கேள்வி மேல கேள்வி கேட்டுட்டு நிக்கறீங்க!"

"உங்க வண்டி பாதி வழியில நின்னா என்ன பண்ணுவீங்க? அப்படியே சந்தைக்குப் போய் புது மாடு வாங்குவீங்களா?"

"இறங்கிப் பாப்பேன்."

"இறங்குங்க."

அவள் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதை மடியில போட்டு, ரெண்டு கையும் அடியில வச்சுக்குங்க. கோகிலா ஒரு டிசைன் ஆரம்பிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாருங்க. கை வெளிய வரக்கூடாது. வாயும் திறக்கக்கூடாது."

"வாயுமா?"

"முக்கியமா அதுதான்."

செங்கோடன் பொருமிக்கொண்டே கிளம்பினார். வயிற்று வலி என்று போனால் மருந்து தருவதுதானே முறை? இவள் உட்காரச் சொல்கிறாள்.

போகிற வழியில் சிக்கந்தரின் கடை. கழற்றிய சாமான்கள் விற்கிற இடம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ப்ராசஸர் இருந்தது. கோகிலாவின் கம்ப்யூட்டரில் பொருந்தும், இருப்பதைவிட வேகமானது என்றான் சிக்கந்தர். ஆறாயிரம் என்றான்.

கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் செங்கோடன் துண்டைப் போட்டு, அதன் அடியில் அவன் கையைப் பிடித்தார். பிடித்த விரலை விட்டபோது விலை மூவாயிரம்.

சாயந்திரம் அவரே அதை மாட்டினார். நன்றாகத்தான் மாட்டினார். கோகிலா உட்கார்ந்தாள். ஒரு பூவின் நிறத்தை மாற்றினாள். திரை உறைந்தது.

"நேத்து மாதிரியேதான் இருக்குதுப்பா."

"ஆறாயிர ரூபா சரக்கு கண்ணு அது!"

"மூவாயிரம்னு சொன்னீங்க?"

"நான் மதிப்பைச் சொல்றேன்."

"மதிப்பு ஓட மாட்டேங்குதேப்பா."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கோகிலா திரும்பவில்லை. பக்கத்துப் பாயில் அவள் மகள் உருண்டுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை சாம்பிள் போகலைன்னா அவங்க வேற ஆளைப் பாத்துக்குவாங்க. நான் மறுபடி நைட் ஷிப்டுக்குப் போறேன். பாப்பாவை நீங்கதான் தூங்க வைக்கோணும். போன தடவை மாதிரி அழுவா. பழகிக்குவா."

மறுநாள் செங்கோடன் கடைக்குள் நுழைந்ததே சண்டையோடுதான்.

"அம்மிணி, உங்க தொழிலே பொய்! பாதி விலைக்கு அடிச்சு வாங்கினேன். வேகமான சரக்கு. போட்டேன். ஒரு இம்மி மாறல."

அம்சவேணி ஒரு மின்விசிறியின் தூசியைப் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தாள். "துண்டை மடியில போட்டீங்களா?"

"போட்டேன். சிக்கந்தர் கையைப் பிடிக்க."

அவள் சிரிக்கவில்லை. "மாடு ஜோடி சேக்கறப்ப என்னண்ணா பாப்பீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன? நடையைப் பாப்பேன். ஒண்ணு வேகமாவும் ஒண்ணு மெதுவாவும் இருந்தா, வண்டி மெதுவான மாட்டு நடைக்குத்தான் போகும். இந்தப் பக்கம் எவ்வளவு பெரிய காளையைக் கட்டினாலும் கழுத்துதான் புண்ணாகும், வண்டி..."

நிறுத்தினார்.

"நடையைப் பாக்காமயே விலை பேசுவீங்களா?" என்றாள் அம்சவேணி.

"எந்த மடையன் பேசுவான்!" என்று கத்திவிட்டு, செங்கோடன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று பகல் முழுக்க மகளின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மடியில் துண்டு, துண்டுக்கு அடியில் கைகள். மவுஸைப் பிடுங்கிக்கொள்ள விரல் துடித்தது. ஒரு விரலை இன்னொரு விரலால் நசுக்கிக்கொண்டார். கோகிலா ஒரு மயிலுக்குத் தோகை போட்டாள். திறந்தாள், மாற்றினாள், சேமித்தாள், காத்திருந்தாள். மறுபடி காத்திருந்தாள்.

"உடம்பு சரியில்லையாப்பா? இவ்வளவு நேரம் நீங்க பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."

தலையை மட்டும் ஆட்டினார்.

புதன்கிழமை குருவின் முன் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது.

"ஃபைலைத் திறக்கறப்ப நிக்குது. சேமிக்கறப்ப நிக்குது. நூல் கலரை மாத்தினா நிக்குது. நிக்கறப்பெல்லாம் பொட்டியோட முன்னாடி ஒரு சிவப்பு விளக்கு அணையாம எரியுது. உள்ள மாடு அசை போடற மாதிரி சத்தம். சத்தம் நின்னா விளக்கு அணையுது. விளக்கு அணைஞ்சா வேலை ஓடுது."

அம்சவேணி முதல் முறையாகக் கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

"அது ஹார்ட் டிஸ்க்ண்ணா. தட்டு சுத்தச் சுத்தத் தேடி எடுக்கற பழைய வகை. சுத்தாத வகை இருக்குது, எஸ்.எஸ்.டி. அதைப் போட்டா அந்த இடத்துல நிக்காது."

"என்ன விலை?"

"புதுசே மூவாயிரத்துக்குள்ள."

"எங்கிட்ட ஆயிரம்தான் இருக்குது."

"ப்ராசஸரைத் திருப்பிக் குடுங்க."

செங்கோடன் முகம் கறுத்தது. "விரலை விட்டதுக்கு அப்புறமா? சந்தைக்குப் போன நாள்ல இருந்து ஒரு மாட்டை நான் திருப்பிக் குடுத்ததில்ல. எவனையும் எங்கிட்டத் திருப்பிக் குடுக்க விட்டதுமில்ல. விரல் விட்டா முடிஞ்சது. இந்த ஊர்ல எனக்கு இருக்கற ஒரே பேரு அதுதான் அம்மிணி."

"சரிங்கண்ணா." அவள் மறுபடி வேலையில் குனிந்தாள்.

"சரின்னா என்ன அர்த்தம்?"

"இதைக் கோகிலாகிட்ட சொல்லிருங்க."

செங்கோடன் வெளியே போனார். வாசலில் நின்றார். கால் ஒரு முறை வீட்டுப் பக்கம் திரும்பியது. பிறகு மறுபக்கம் திரும்பி விறுவிறுவென்று நடந்தார்.

சிக்கந்தர் கடையில் அன்றைக்கு நல்ல கூட்டம். அவரைப் பார்த்ததும் அவன் பழக்கத்தில் கையை நீட்டினான். செங்கோடன் துண்டைப் போடவில்லை.

"துண்டு வேண்டாம். எல்லாருக்கும் கேக்கட்டும். உங்கிட்டக் குத்தமில்ல. பாக்காம வாங்கிட்டேன். திருப்பி எடுத்துக்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிக்கந்தர் சிரிக்கவில்லை. ப்ராசஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாட்டிக் கழட்டியிருக்கீங்க. ரெண்டாயிரத்து ஐநூறுதான் தருவேன்."

"குடு."

சிக்கந்தர் பணத்தை எண்ணாமல் நின்றான். "அண்ணா, ஒரு வார்த்தை பேசுங்கண்ணா. திட்டவாச்சும் செய்யுங்க. நீங்க பேசாம வாங்கிக்கிட்டா எனக்கு என்னமோ மாதிரி இருக்குது."

"குடு சிக்கந்தரு. எம் மக காத்திருக்குது."

வியாழக்கிழமை குருவும் சீடரும் சேர்ந்து பழைய டிஸ்க்கில் இருந்ததை எல்லாம் புதிய டிஸ்க்குக்கு மாற்றினார்கள். செங்கோடன் பழையதைக் கையில் வைத்து எடை பார்த்தார்.

"இதை என்ன பண்றது? காயலான் கடையில ஏதாச்சும் தருவானா?"

"முடிச்ச டிசைன் எல்லாம் இதுல ஒரு நகல் கிடக்கட்டும். முதுகுல சுமக்கும். நுகத்துல கட்டாதீங்க."

அன்று மதியம் கோகிலா மயிலைத் திறந்தாள். தோகையின் நிறத்தை மாற்றினாள். சிவப்பு விளக்கு ஒரு முறை கண் சிமிட்டி அணைந்தது. அவள் பழக்கத்தில் காத்திருந்தாள். காத்திருக்க ஒன்றும் இல்லை என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. செங்கோடன் முக்காலியில் உட்கார்ந்து திரையை முறைத்துக்கொண்டிருந்தார். கைகள் துண்டுக்கு அடியில்தான் இருந்தன.

சனிக்கிழமை சாம்பிள் போனது. செவ்வாய்க்கிழமை ஆர்டர் வந்தது.

அதற்கு அடுத்த வாரம், கடை திறக்கும் முன்பே செங்கோடன் வந்து நின்றார். பழைய வேகம் முகத்தில் திரும்பியிருந்தது.

"அம்மிணி, கோகிலா ரெண்டாயிரம் குடுத்திருக்குது. கம்ப்யூட்டருக்கு இன்னும் ஏதாச்சும் பண்ணுங்கப்பான்னு சொல்லுச்சு. சிக்கந்தர்கிட்ட ஒரு கிராபிக்ஸ் கார்டு வந்திருக்குது. அஞ்சாயிரம் சொல்றான். ரெண்டுக்கு இறக்கிருவேன், எனக்குத் தெரியும், அவன் கண்ணே சொல்லுது. வாங்கிப் போட்டரலாமா?"

அம்சவேணி ஷட்டரைத் தூக்கினாள்.

"இப்ப எங்கண்ணா நிக்குது?"

"கேப்பீங்கன்னு தெரியும். அதான் துண்டைப் போட்டு ரெண்டு டிசைன் முழுசா உக்காந்து பாத்துட்டு வந்திருக்கேன்." மார்பை நிமிர்த்தினார். "எங்கயும் நிக்கலீங்க அம்மிணி."

"அப்புறம் எதுக்குண்ணா வண்டியை விட்டு இறங்கறீங்க?"