குறுக்குக் கை

கருங்கண்ணி ஏரிக்கரை மண்டபத்துக்குப் பரஞ்சோதி வந்து சேர்ந்தபோது குரு பானை துலக்கிக்கொண்டிருந்தார். பரஞ்சோதிக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பத்தைந்து இருந்தால் அதிகம். இளையவர் காலில் விழப் பரஞ்சோதி கூச்சப்படவில்லை. விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

குரு கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுந்திருங்க ஐயா. ஈரத் தரை, சளி பிடிக்கும்."

"ஒரே ஒரு கேள்வி சாமி. பதில் கிடைச்சா போயிடுவேன்."

"கேளுங்க."

"நான் சொல்றதை ஒருத்தன் நம்பணும். ஒரே ஒருத்தன். அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"யார் அந்த ஒருத்தர்?"

"காளத்தின்னு பேரு. மல்யுத்தக்காரன். சேலத்துல படுத்த படுக்கையா இருக்கான். கழுத்துக்குக் கீழே ஒண்ணும் அசையாது. இந்த மழைக்காலம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அவர்கிட்ட என்ன சொல்லணும்?"

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்லணும்."

"போய்ச் சொல்ல வேண்டியதுதானே?"

"போனேன் சாமி. வாசல்ல நின்னு அழுதேன். அவன் சம்சாரம் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால கேமரா எங்க இருக்குன்னு தேடினா."

குரு பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "உட்காருங்க," என்றார்.

பரஞ்சோதி உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார்.

மல்யுத்தக் கம்பெனி ஒன்றில் அவர் கதை எழுதுகிறவர். கட்டிப் புரண்டு சண்டை போடுகிறவர்களுக்குக் கதை எதற்கு என்று கேட்பார்கள். உண்டு. யார் ஜெயிப்பது, யார் தோற்பது, யார் யாருக்குத் துரோகம் செய்வது, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதுதான். அடி விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அது எப்போது விழும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதலில் அவர் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொல்லி வந்தார். சண்டையைவிட விளம்பரம் நன்றாக இருந்தது. முதலாளி கூப்பிட்டு, "இனிமே நீயே எழுதுய்யா," என்றார்.

அதுவரை கதை சுலபமாக இருந்தது. நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன். நல்லவன் இரண்டு வாரம் அடி வாங்குவான். மூன்றாவது வாரம் திருப்பிக் கொடுப்பான். ஜனங்கள் விசிலடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள்.

பரஞ்சோதி அதை மாற்றினார். ஒரு மல்லனுக்குச் சம்சாரத்தோடு கோர்ட்டில் வழக்கு நடந்தது. அதை மேடைக்குக் கொண்டுவந்தார். இன்னொருவனுக்கும் அவன் தம்பிக்கும் வீட்டுச் சுவர் தகராறு. அந்தச் சுவரையே அட்டையில் செய்து நடுமேடையில் நிறுத்தினார். ஜெயித்தவனுக்குத் தருகிற பெல்ட் வாரத்துக்கு ஒரு இடுப்புக்கு மாறியது. ஒரு வாரம் சோடா விற்கிறவர் ஜெயித்தார். ஒரு வாரம் பரஞ்சோதியே ஜெயித்தார். "இந்தத் தொழிலையே கொன்னுட்டான்," என்று பழைய மல்லர்கள் காறித் துப்பினார்கள். "இவன்தான் இதுக்கு உயிர் குடுத்தான்," என்று முதலாளி மாலை போட்டார். ஞாயிற்றுக்கிழமை டீவியில் நிகழ்ச்சி ஓடும் நேரத்தில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

எது நிஜம், எது எழுதினது என்று யாருக்கும் தெரியக் கூடாது. அவர் தொழிலே அவ்வளவுதான். மற்ற கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். பிறகு சீரியல்காரர்கள் எழுதினார்கள். கட்சிக் கூட்டத்தில் பேச்சை எந்த இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைப்பது என்பதைக்கூட அவருடைய மல்லர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் இருந்தார்கள்.

"எங்க தொழில்ல குறுக்குக் கைன்னு ஒண்ணு உண்டு சாமி," என்றார் பரஞ்சோதி.

"அதென்ன?"

"நடுவர் ரெண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கா வச்சுக் காட்டுவார். நிஜமாவே அடிபட்டுடுச்சு, நிறுத்துங்கன்னு அர்த்தம். மத்ததெல்லாம் பேசி வச்சது. இது ஒண்ணுதான் பேசி வைக்காதது. இதைப் பார்த்தா டாக்டர் ஓடி வருவார், ஸ்ட்ரெச்சர் வரும். அதுவரைக்கும் மிதிச்சுக்கிட்டிருந்தவனே உட்கார்ந்து தலையைத் தாங்கிப் பிடிப்பான்."

"நல்ல ஏற்பாடு."

"அதை நான் கதையில எழுதிட்டேன்."

குரு கவிழ்த்து வைத்த பானையை ஓரமாக நகர்த்தினார்.

"பொங்கல் நிகழ்ச்சி. காளத்திக்குக் கழுத்து உடைஞ்ச மாதிரி எழுதி, குறுக்குக் கை காட்டச் சொன்னேன். நடுவர் வேலப்பன் மாட்டேன்னார். 'இது ஒண்ணையாவது விட்டு வைங்கண்ணே'ன்னு கும்பிட்டார். நான் கேட்கலை. அன்னைக்குக் கூட்டம் மொத்தமும் அழுதது சாமி. மறுமாசம் காளத்தி கழுத்துல கட்டோட வந்து ஜெயிச்சான். அப்புறம் எப்பல்லாம் கூட்டம் குறையுதோ அப்பல்லாம் அதை எழுதினேன்."

"பிறகு?"

"பிறகு ஒருநாள் நிஜமாவே விழுந்தான்."

மூலைக் கம்பத்தின் மேல் ஏறிக் குதித்த காளத்தி கழுத்து மடங்கி விழுந்தான். வேலப்பன் குறுக்குக் கை காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் 'நமக்குச் சொல்லவே இல்லையே' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிராளி, கதையை மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, காளத்தியை முடியைப் பிடித்துத் தூக்கினான். பரஞ்சோதி அப்போது பின்னறையில் தோசை தின்றுகொண்டிருந்தார். ஒருவன் ஓடி வந்து, "அண்ணே, குறுக்குக் கை காட்டுறாங்க. நீங்க எழுதினதா?" என்று கேட்டான். "நான் எழுதலையே. ஆனா நல்லா இருக்கு, போகட்டும்," என்றார் பரஞ்சோதி.

"போகட்டும்னேன் சாமி," என்று இப்போது மறுபடியும் சொன்னார்.

வெளியே ஏரியில் காற்று அடித்தது.

"வேலையை விட்டேன். மேடையேறி எல்லார் முன்னாலயும் சொன்னேன், அவன் கழுத்து போனது என்னாலதான்னு. கைதட்டினாங்க. முதலாளி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் காதுல கேட்டார், 'பரஞ்சோதி, இது எத்தனை வாரம் ஓடும்?'னு."

குருவின் உதடு அசைந்தது. சிரிப்பா வருத்தமா என்று பரஞ்சோதியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இங்கயே இருங்க," என்றார் குரு. "கஞ்சி இருக்கு."

"பதில்?"

"எனக்குத் தெரியாது."

அது தெரியாமல் சொன்னதாகப் பரஞ்சோதிக்குப் படவில்லை. குருமார்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எண்ணிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் குருவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குரு எதைச் செய்தாலும் அதற்குள்ளே தன் கேள்விக்குப் பதில் இருக்கும் என்று பார்த்தார். கூட்டுகிற விளக்குமாற்றைக் குரு பாதியில் வைத்துவிட்டுப் போனால், ஏன் பாதியில் வைத்தார் என்று யோசித்தார். ஒருநாள் கஞ்சியில் உப்புக் கரித்தது.

"சாமி, இது எனக்காகவா?"

"எது?"

"உப்பு."

"கை தவறிடுச்சு. தண்ணி ஊத்திக் குடிங்க."

பரஞ்சோதி தண்ணீர் ஊற்றிக் குடித்தார். எத்தனை நயமாகச் சொல்கிறார் என்று வியந்துகொண்டே குடித்தார்.

ஏரியில் வாத்து மேய்க்கிற செல்லக்கண்ணு எப்போதாவது இரண்டு முட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். அவள் பரஞ்சோதியை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதானே டீவியில சோடாக்காரருக்கு அப்புறம் பெல்ட்டு வாங்கினது?"

"ஆமாம்மா."

"அட கடவுளே! எங்க வீட்டுக்காரரு உங்களைத் திட்டாத நாளு கெடையாது. காளத்தின்னா அவருக்கு உசுரு. ஆமா, கழுத்து போயிருச்சுன்னு காட்டினாங்களே, எப்ப வருவான்?"

"வர மாட்டான்மா. அது நிஜம்."

"போங்க, சும்மா சொல்லாதீங்க."

"சத்தியமாச் சொல்றேன். எழுந்திருக்கவே மாட்டான்."

செல்லக்கண்ணு வாயைப் பொத்திச் சிரித்தாள். "பொங்கலுக்குத்தானே வர்றான்? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று பரஞ்சோதி கஞ்சி குடிக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்து, படித்துறையில் மேல்படிகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. ஒருநாள் காலையில் வேலப்பன் போன் செய்தார்.

"அண்ணே, காளத்திக்கு மூச்சு வாங்குது. பார்க்கிறதுன்னா இப்பவே கிளம்புங்க."

"வர்றேன், வர்றேன். நான் சொன்னா நம்புவானா வேலப்பா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்க போன்ல அழுறது நெசந்தானான்னு எனக்கே தெரியலை."

பரஞ்சோதி போனைச் சட்டைப்பையில் வைத்தார். நேராகக் குருவிடம் வந்தார்.

"சாமி, இனிமே தள்ள முடியாது. இன்னைக்கே எனக்குப் பதில் வேணும். பதில் இல்லாம அவன் முன்னால போய் நிக்க மாட்டேன்."

"பஸ்ஸு ஒன்பதரைக்கு. கிளம்புங்க."

"பதில் சொல்லுங்க."

குரு பானையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணி எடுத்துட்டு வந்துடறேன்," என்றார்.

இனிப் பதில் வரப்போகிறது என்று பரஞ்சோதிக்குத் தோன்றியது. பின்னாலேயே போய்ப் படித்துறையின் மேல்படியில் நின்றார்.

குரு மூன்று படி இறங்கினார். நான்காவது படியில் பாசி. கால் வழுக்கியது. பானை உருண்டு தண்ணீரில் போய் மிதந்தது. குரு சரிந்து விழுந்தார். பெயர்ந்த படிக்கல் ஒன்று அவர் முழங்காலுக்குக் கீழே காலின்மேல் புரண்டு அமுக்கிக்கொண்டது. தண்ணீர் மோவாய் வரை வந்தது.

"ஐயா! கையைக் குடுங்க!" என்று கத்தினார்.

கடைசியில் பதில் வந்துவிட்டது என்று பரஞ்சோதிக்கு உடம்பு சிலிர்த்தது. மேல்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கைகளைக் கூப்பிக்கொண்டார். ஒன்றையும் தவறவிடக் கூடாது என்று கூர்ந்து பார்த்தார்.

நானே எழுதியிருந்தால் இரண்டாவது கூப்பாட்டைக் கொஞ்சம் சின்னதாக வைத்திருப்பேன் என்று நினைத்தார். இரண்டாவது கூப்பாடு சின்னதாகத்தான் வந்தது. பரஞ்சோதி தலையை ஆட்டிக்கொண்டார். மூன்றாவதில் சத்தமே இல்லை. வாய் மட்டும் திறந்தது. அதற்குள் தண்ணீர் போனது. ஒரு கை மேலே வந்து கல்லைத் தடவிவிட்டுக் கீழே போனது. இப்படி ஒரு குரு யாருக்குக் கிடைப்பார் என்று பரஞ்சோதிக்குக் கண்ணீர் வந்தது.

வாத்துகள் சிதறி ஓடின. செல்லக்கண்ணு கையிலிருந்த கோலை எறிந்துவிட்டுச் சேலையோடு தண்ணீரில் குதித்தாள். தோளைக் கொடுத்துக் கல்லைப் புரட்டினாள். குருவை அக்குளில் பிடித்து இழுத்துப் படியில் கிடத்தி, முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். குரு தண்ணீரைக் கக்கினார்.

அவள் நிமிர்ந்து பரஞ்சோதியைப் பார்த்தாள்.

"ஏன்யா, கண்ணு அவிஞ்சு போச்சா? மனுசன் முழுகுறாரு, நீ கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கே!"

"இல்லம்மா, இது..."

"என்னத்த இது? வாயைத் தொறக்காத. சாமி, நான் ஓடிப்போய் எங்க வீட்டுக்காரரை வண்டியோட கூட்டியாறேன். அதுவரைக்கும் இந்த ஆளை நம்பித்தான் உங்களை விட்டுட்டுப் போக வேண்டியிருக்கு, என்னத்தச் செய்ய?"

கரையேறி ஓடினாள்.

பரஞ்சோதி மெதுவாக இறங்கி வந்தார். குருவின் முகம் நீலம் பாரித்திருந்தது. முழங்காலுக்குக் கீழே கால் போகக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது.

"சாமி," என்றார் பரஞ்சோதி. "கொஞ்சம் புரியிற மாதிரி இருக்கு. முழுசாப் பிடிபடலை."

குரு மூச்சு வாங்கினார். "எது?"

"நீங்க இப்பக் காட்டினது."

"வழுக்கிடுச்சு ஐயா."

"சரி சாமி. அதுல எனக்கு என்ன..."

"காலு ஒடைஞ்சிருக்கு. ரெண்டு கையையும் அடியில குடுத்துத் தாங்குங்க. அசையாம இருக்கணும்."

பரஞ்சோதி அந்தக் காலைப் பார்த்தார். ரத்தம் படியிறங்கித் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. தாங்க வேண்டும் என்று தெரிந்தது. கை போகவில்லை. இதற்குமேல் ஒரு வார்த்தை வரும், அந்த வார்த்தையில் எல்லாம் இருக்கும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. மனத்தை நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை.

சட்டைப்பையில் போன் அடித்தது. சேலத்திலிருந்துதான் இருக்கும். இந்த நேரத்தில் எடுத்தால் அந்த வார்த்தை தவறிப்போகும் என்று எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

"நிஜமாவா சாமி?" என்று கேட்டார்.

குரு பல்லைக் கடித்துக்கொண்டு, தம் காலைத் தாமே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பரஞ்சோதி அப்படியே காத்திருந்தார்.

குரு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"இதுக்குப் பின்னால ஒண்ணும் இல்லை ஐயா," என்றார். "கால்தான்."