எட்டு மணிக்கே எழுதிய ஆறு குறிப்புகள்

"மேடம், இந்த ஒரு தாளை மட்டும் மாத்தி வச்சிரலாமா?"

பொற்கொடி கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மெஹருன்னிசா மேசை இழுப்பறையைத் திறந்து அடிக்கோலை எடுத்து வைத்தாள். பக்கத்தில் ஒரு நீலப் பேனா.

"ஒரே கோடு அக்கா. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். பக்கத்துல தேதி, உங்க கையெழுத்து."

"கிழிக்கக் கூடாதா?"

"கூடாது."

"அப்போ நான் செஞ்சது எல்லார் கண்ணுக்கும் தெரியுமே!"

"தெரியும்."

பொற்கொடிக்கு வயது நாற்பத்தொன்பது. மெஹருன்னிசாவுக்கு முப்பத்திரண்டு. ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் குறிப்பு எழுதுகிறவர்களுக்கெல்லாம் மெஹருன்னிசாதான் குரு. டாக்டர் எங்கே கீறினார், என்ன கண்டார், எதை எடுத்தார், எதை விட்டார் என்று தியேட்டருக்குள் கூடவே நின்று எழுத வேண்டும். அதுதான் வேலை.

வந்த முதல் நாளே மெஹருன்னிசா படிவத்தைக் காட்டிச் சொன்னாள்: "எடுத்ததுக்கு ஒரு கட்டம். விட்டதுக்கு ஒரு கட்டம். ரெண்டும் ஒரே அளவு, பாத்துக்கோங்க."

பொற்கொடி தலையாட்டினாள். அவளுக்கு இதெல்லாம் பெரிய வித்தையாகத் தெரியவில்லை. அதற்கு முன்பு இருபது வருடம் பத்திரம் எழுதுகிறவரிடம் டைப் அடித்தவள். ஒரு கிரயப் பத்திரம் போலத்தான் இன்னொன்று. பெயரையும் நான்கு எல்லையையும் மாற்றினால் போதும். மீதி வரியெல்லாம் விரலே அடித்துக்கொள்ளும்.

பித்தப்பை ஆபரேஷனும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வயிற்றில் நான்கு துளை, கேமரா, பை முழுவதும் அகற்றம், துணி எண்ணிக்கை சரி, தையல். பெயரும் வயதும்தானே வேறு?

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், ஆறு பித்தப்பை. முதல் ஆளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன்பே ஆறு குறிப்பும் தயார்.

"எக்ஸ்பிரஸ் அக்கா" என்று மற்றவர்கள் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது.

நான்காவது ஆள் மாரிக்கனி. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். அவளுக்குப் பித்தப்பை ஈரலோடு ஒட்டிக் கிடந்தது. பிரித்தால் பித்தநாளம் கிழியும் என்று, பையின் கழுத்துப் பகுதியை மட்டும் உள்ளேயே விட்டு மூடினார் டாக்டர். சரியான வேலைதான். உள்ளே நின்ற சிஸ்டர் தன் பதிவேட்டில் எழுதியும் வைத்தாள்.

பொற்கொடி உள்ளே இல்லை.

வெளியே வந்த டாக்டரிடம் தாளை நீட்டினாள். கூட நின்று எழுதியிருப்பாள் என்று நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

பை முழுவதும் அகற்றம்.

நான்கு மாதம் அந்த வரி நகலாக மாரிக்கனியின் ஊரில் இருந்தது. விலா எலும்புக்குக் கீழே பிடுங்குகிறது என்று அவள் அழும்போதெல்லாம் அங்கிருந்த டாக்டர் அதைத்தான் படித்தார். பைதான் இல்லையே அம்மா, இது வாயு, என்று மாத்திரை கொடுத்தார். நேற்று ராத்திரி தாங்க முடியாமல் இங்கே தூக்கி வந்தார்கள். ஸ்கேனில் தெரிந்தது, விட்டு வைத்த துண்டும் அதற்குள் ஒரு கல்லும்.

"டாக்டரும்தானே படிக்காம கையெழுத்துப் போட்டாரு?" என்றாள் பொற்கொடி.

"அவர் பங்கை அவர் சொல்லுவாரு."

"எனக்கு வேலை போயிருமா மேடம்?"

"போகலாம்."

பொற்கொடி கோட்டைப் போட்டாள். நேராகத்தான் போட்டாள். அந்த வரி கோட்டுக்கு அடியில் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

எழுந்திருக்கப் போனவளின் முன்னால் மெஹருன்னிசா ஒரு வெற்றுப் படிவத்தை வைத்தாள்.

"இது யாருக்கு?"

"அன்னைக்குத் தாள்ல நீங்க செஞ்ச ஆபரேஷனுக்கு. எழுதுங்க."

"நான் எங்க மேடம் ஆபரேஷன் செஞ்சேன்?"

மெஹருன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொற்கொடி எழுதினாள். அன்றைக்கு ஆறு கேஸ். ஆள் பற்றாக்குறை. முந்தின நாள் சரியான தூக்கமில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடிப்போய்க் கால் புண். எழுத எழுத மனசு கொஞ்சம் லேசானது.

மெஹருன்னிசா வாங்கிப் படித்தாள். அடிக்கோலை வைத்தாள். ஒரே கோடு.

"இதெல்லாம் நெசம் மேடம்!"

"இருக்கலாம். கட்டத்துக்கு வெளிய இருக்கு."

இன்னொரு படிவம்.

இந்தத் தடவை பொற்கொடி அழுதுகொண்டே எழுதினாள். நான் பாவி. ஒரு பொம்பளையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். எனக்குச் சோறு இறங்குமா? என் கையை வெட்டினாலும் தகும்.

மெஹருன்னிசா இதையும் படித்தாள். கண் ஒருகணம் தாழ்ந்தது. ஆனாலும் கோடு போட்டாள்.

"இதுல மாரிக்கனி எங்கக்கா?"

பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு படிவத்தை இழுத்தாள்.

மூன்றாவது படிவத்தில் அவள் கட்டம் கட்டமாகப் போனாள்.

செய்தவர் என்ற இடத்தில் தன் பெயர்.

கண்டது என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினாள்: எதுவும் காணவில்லை. நான் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு குறிப்பும் எட்டு மணிக்கே முடித்துவிட்டதை மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செய்தது: நடக்காததை நடந்ததாக எழுதினேன்.

விட்டது: பையின் கழுத்துப் பகுதி. அதைச் சொல்ல வேண்டிய ஒரு வரி.

மெஹருன்னிசா அடிக்கோலைத் தொடவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க. பதினோராம் பெட்."

"அங்கயா? மேடம், உங்க காலைப் பிடிக்கிறேன். நீங்களே சொல்லிருங்களேன்."

மெஹருன்னிசா அதற்குள் வாசலில் இருந்தாள்.

மாரிக்கனி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கையில் டிரிப். மறுநாள் மறுபடியும் ஆபரேஷன். எதற்கென்று அவர்களுக்கு இன்னும் யாரும் விளக்கியிருக்கவில்லை. காலடியில் அவள் மாமியார், ரொட்டியைப் பாலில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"யாரும்மா நீங்க? இன்னும் என்னத்தை எடுக்கணுமாம்?" என்றாள் மாமியார். "நாலு மாசமா இவளோட பெரிய கூத்து. வேலைக்குப் போகச் சொன்னா வலி, அடுப்புக்கிட்ட போகச் சொன்னா வலி. பையே இல்லையாம், வலி மட்டும் இருக்காம்! ஊரே சிரிக்குது."

மாரிக்கனி திரும்பவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய முதுகு அது.

பொற்கொடி மெஹருன்னிசாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள்.

பொற்கொடி தாளைப் பிரித்தாள். வாசித்தாள். டீ குடித்ததை வாசித்தாள். பெருமை பேசியதையும் வாசித்தாள். அந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

மாமியார் கையிலிருந்த ரொட்டி பாலுக்குள் விழுந்தது.

மாரிக்கனி மெதுவாகத் திரும்பினாள். திட்டுவாள், அடிக்க வருவாள் என்று பொற்கொடி நினைத்தாள். அப்படி நடந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"அப்போ உள்ள இருந்துச்சா?" என்று கேட்டாள் மாரிக்கனி.

"இருந்துச்சும்மா."

"கல்லும் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்போ எனக்கு வலிச்சது நெசந்தானக்கா?"

பொற்கொடி தாளைக் கீழே இறக்கினாள்.

"நெசந்தான்."

மாரிக்கனி மாமியாரைப் பார்க்கவில்லை. மேலே, கூரையைப் பார்த்தாள். கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சுக்கா," என்றாள். "நான்தான் நடிக்கிறனோன்னு."

மாரிக்கனி பொற்கொடி கையிலிருந்த தாளைத் தொட்டாள்.

"எழுதிக் குடுங்க," என்றாள் பிறகு.

"என்னம்மா?"

"எனக்கு வலிச்சதை. உங்க ஆஸ்பத்திரித் தாள்லயே எழுதிக் குடுங்க. வீட்ல நாலு மாசமும் அந்தத் தாளைத்தான் நம்புனாக."

பொற்கொடி தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

வரி தயாராக வந்து நின்றது. வலது மேல்வயிற்றில் நான்கு மாதமாக விட்டு விட்டு வலி. எத்தனை பேருக்கு எழுதிய வரி! விரல் அதற்குள் பாதி எழுத்தைப் போட்டுவிட்டது.

நிறுத்தினாள்.

பாதி எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். பேனாவைக் காகிதத்தைவிட்டு எடுத்தாள்.

"சொல்லும்மா," என்றாள். "எங்க வலிச்சுது?"