பெருச்சாளியின் மெழுகு உருண்டை

நெட்டிக்குளத்தின் கரையில் ஒரு தாய் முயலும் அதன் மகளும் வாழ்ந்து வந்தன. மகள் பெயர் துள்ளி. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. குளம் சுருங்கிச் சுருங்கி, ஓர் எருமை படுத்தால் குளமே மறைந்துவிடும் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம் இருந்தது.

குளத்துக்கு மேற்கே ஒரு மலை. அதில் வற்றாத சுனை ஒன்று உண்டு. ஆனால் அது மலை முயல்களுக்குச் சொந்தம். வெளி முயல் எதுவும் அதில் வாய் வைக்க முடியாது. மருமகளாகப் போனால் மட்டும் இடம் கிடைக்கும். பெண்ணைப் பெற்றவளும் கூடப் போய் இருந்துகொள்ளலாம்.

மலையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மணப்பெண்ணின் கழுத்தில் தங்கம் மின்ன வேண்டும். முயலுக்கு எதற்குத் தங்கம் என்று என்னிடம் கேட்காதீர்கள். மனிதர்களிடம் கேட்டுப் பதில் கிடைத்ததா என்ன?

தாய் முயலிடம் ஒரு தங்க வளையல் இருந்தது. முயல் கழுத்துக்கு அது சரியான அளவு. குளத்தில் குளிக்க வந்த யாரோ ஒரு பெண்ணின் கையிலிருந்து நழுவியது அது. துள்ளியின் அப்பா சேற்றைக் கிளறி அதை எடுத்து வந்து, "இது நம்ம துள்ளி கல்யாணத்துக்கு!" என்று பொந்தில் வைத்தது. பிறகு அந்த அப்பாவைக் கழுகு தூக்கிக்கொண்டு போனது. வளையல் மட்டும் பொந்திலேயே இருந்தது.

மலையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வந்தது. துள்ளியைப் பார்த்தது. பிடித்துவிட்டது. வளையலைப் பார்த்தது. அதுவும் பிடித்துவிட்டது. அங்கேயே கல்யாணத்தைப் பேசி முடித்திருக்கலாம்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வளையல் பத்தரை மாற்றுத்தானே?" என்றது மலை முயல்.

தாய் முயலுக்குச் சுருக்கென்றது. "என் வீட்டுக்காரர் எடுத்து வச்ச தங்கம்! வேணும்னா இப்பவே உரசிப் பார்த்துடுவோம்!"

குளத்தங்கரையில் ஒரு பெருச்சாளி இருந்தது. ஒரு காலத்தில் ஊருக்குள் நகை செய்யும் பத்தரின் பட்டறைச் சாக்கடையில் குடியிருந்தது. வரும்போது சும்மா வரவில்லை. ஓர் உரைகல்லையும் ஒரு மெழுகு உருண்டையையும் திருடிக்கொண்டு வந்திருந்தது. காட்டில் யார் நகை கண்டெடுத்தாலும் அதனிடம்தான் போக வேண்டும்.

பெருச்சாளி வளையலைக் கல்லில் ஓர் இழுப்பு இழுத்தது. மஞ்சளாய் ஒரு கோடு விழுந்தது.

"தங்கம்தான். நல்ல தங்கம்!" என்றது.

"பத்தரை மாற்றா?" என்று கேட்டது மலை முயல்.

"பத்தரை மாற்றுன்னு சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் செம்பு சேர்ந்திருக்கு."

மலை முயலின் காதுகள் செங்குத்தாக நிமிர்ந்தன. "செம்பா!"

பெருச்சாளி சொன்னது முழு உண்மை. சுத்தத் தங்கம் மிருதுவானது. கொஞ்சம் செம்பு சேர்த்தால்தான் வளையல் வளையலாக நிற்கும். இதுவும் பெருச்சாளிக்குத் தெரியும். ஆனால் அதை அது வாய் திறந்து சொல்லவில்லை. மெழுகு உருண்டையை எடுத்துக் கல்லில் இருந்த கோட்டை ஒற்றி எடுத்தது. கோடு மறைந்து, கல் பழையபடி கறுப்பாயிற்று.

"இந்தப் பக்கம் மட்டும் செம்பா, சுத்திலும் செம்பா?" என்றது மலை முயல்.

"அது உரசினாத்தானே தெரியும்!"

"உரசுங்க!" என்றது தாய் முயல். அதற்கு ரோஷம் வந்துவிட்டது. "நாலா பக்கமும் உரசுங்க! என் தங்கம் எப்படிப்பட்டதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்!"

பெருச்சாளி உரசியது. ஒற்றியது. மறுபடி உரசியது. மறுபடி ஒற்றியது. ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்: நல்ல தங்கம், கொஞ்சம் செம்பு.

துள்ளி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "அம்மா, வளையல் இளைச்சுப் போகுதும்மா!" என்றது.

"பெரியவங்க பேசறப்போ நடுவுல பேசாதே!"

"அந்த மெழுகு ஏன் மின்னுது?" என்று துள்ளி பெருச்சாளியையே கேட்டது.

"தேன்மெழுகு மஞ்சளாத்தாம்மா இருக்கும்!" என்று சிரித்தது பெருச்சாளி.

மலை முயலுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "மேல் பூச்சு நல்லா இருந்து, உள்ளே வேற எதாவது இருந்தா?"

"உள்ளே பார்க்கணும்னா அராவணும். அரம் எங்கிட்ட இல்லை. பல் இருக்கு," என்றது பெருச்சாளி.

"அராவுங்க!" என்றது மலை முயல்.

"நல்லா அராவுங்க!" என்றது தாய் முயல்.

பெருச்சாளி கரகரவென்று பல்லால் அராவியது. உதிர்ந்த தூளை மெழுகில் ஒற்றிக்கொண்டது. அராவிய இடத்தை உரசியது. உள்ளேயும் அதே தங்கம்! தாய் முயல் பெருமையோடு சம்பந்தியைப் பார்த்தது. "இப்போ நம்பறீங்களா?"

"நம்பறேன், நம்பறேன். உறுதியா இருக்கான்னு மட்டும் பார்த்துக்கறேன்," என்று மலை முயல் வளையலை வாங்கி லேசாக அழுத்தியது.

டக்கென்று வளையல் இரண்டாக ஒடிந்தது.

தாய் முயல் குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கியது. பிறகு மலை முயல் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டது.

"கல்யாணப் பேச்சுல நகை ஒடியறது நல்ல சகுனம் இல்லை. வேற இடம் பார்த்துக்கறோம். மன்னிச்சுக்கோங்க!"

"நீங்கதானே ஒடிச்சீங்க!" என்று கத்தியது தாய் முயல். மலை முயல் திரும்பிப் பார்க்காமல் பாதையில் ஏறிப் போய்விட்டது.

தாய் முயல் பெருச்சாளியிடம் பாய்ந்தது. "அது ஏன் செம்பு கலந்த தங்கமா இருக்கணும்? செம்பு மட்டும் இல்லேன்னா இந்தக் கதி வந்திருக்குமா?"

"செம்பு இல்லேன்னா அது இவ்வளவு நேரங்கூடத் தாங்கியிருக்காது. நகைன்னா கொஞ்சம் செம்பு சேர்த்துத்தான் ஆகணும்!"

"பாவி! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"செம்பு இருக்கான்னு கேட்டீங்க, சொன்னேன். எதுக்கு இருக்குன்னு யாரும் கேட்கலையே! நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா?"

சொல்லவில்லைதான். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

பெருச்சாளி மெழுகு உருண்டையைப் பாறைச் சூட்டில் உருக்கியது. ஒற்றி எடுத்த பொடியெல்லாம் சேர்ந்து அடியில் மிளகு அளவுக்குத் தங்கம் தங்கியது. அதை வாயில் அடக்கிக்கொண்டு, உரைகல்லையும் உருட்டிக்கொண்டு அது மலையேறியது. மலையில் அதை யாரும் தடுக்கவில்லை. வேறு மணப்பெண் வந்திருந்தது. அதன் நகையை உரசிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. நல்லவர்களுக்கு இல்லாத சுனைத் தண்ணீர் பெருச்சாளிக்குக் கிடைத்தது.

கீழே குளம் சேறாகியது. சேறும் வெடித்தது. தாயும் மகளும் வெடிப்புக்குள் மூக்கை நுழைத்து ஈரத்தை நக்கின. சில நாளில் அந்த ஈரமும் போயிற்று.

துள்ளி தாயின் வயிற்றில் தலை வைத்துப் படுத்திருந்தது. பக்கத்தில் ஒடிந்த வளையலின் இரண்டு துண்டுகளும் வெயிலில் பளபளத்தன.

"அம்மா, அது நல்ல தங்கந்தானே?"

"நல்ல தங்கந்தாண்டி, கண்ணு."

"முதல் தடவை உரசினப்பவே தெரிஞ்சுதேம்மா!"

துள்ளி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதன் காதுகள் மெல்லத் தளர்ந்து தாயின் மடியில் விழுந்தன. தாய் முயல் மகளை நக்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. பொழுது சாய்ந்த பிறகும் துள்ளி எழுந்திருக்கவில்லை.

நல்லது என்று தெரிந்த பிறகும் உரசிக்கொண்டே இருப்பவரின் கையில் நல்லதும் மிஞ்சாது, சந்தேகமும் தீராது.