எடுக்கலேன்னா?

டயர் கடை செல்வதாஸ் ஐம்பது வயதுக்கு மேல்தான் செஸ் கற்றுக்கொண்டார். வடசேரி கிளப்பில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த பெனிலாவுக்கு வயது இருபத்தேழு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மாவட்டக் கோப்பைக்கான போட்டி ஒரு மண்டபத்தில் நடந்தது. ஓர் அணிக்கு நான்கு பேர். கடைசிப் பலகையில் செல்வதாஸ். கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் அரையிறுதியைத் தாண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தாண்டினார்கள். தாண்ட வைத்தவர் செல்வதாஸ்.

தோற்க வேண்டிய ஆட்டம் அது. செல்வதாஸ் தன் குதிரையைக் கொண்டுபோய் எதிராளியின் சிப்பாய் வாயில் வைத்தார். எதிரே இருந்தவன் கல்லூரி மாணவன். அவனுக்கு நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. சட்டென்று சிப்பாயால் குதிரையை எடுத்தான். சிப்பாய் விலகிய வழியில் செல்வதாஸின் ராணி உள்ளே புகுந்தது. செக்மேட்.

மண்டபத்து வாசலில் கிளப் செயலாளர் மரியஜான் அவரைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கட்டிக்கொண்டார். யாரோ ஓடிப்போய் எல்லாருக்கும் பிரியாணி வாங்கி வந்தார்கள். செல்வதாஸ் வாய் நிறையச் சோறோடு அந்தக் குதிரைக் கதையை மூன்றாவது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெனிலா வேப்பமரத்தடியில் பலகையை விரித்து, அதே ஆட்டத்தை, குதிரையை வைப்பதற்கு முன் இருந்தபடியே அடுக்கினாள்.

"குதிரையை வைங்க அண்ணாச்சி. அந்தப் பையனுக்குப் பதிலா நான்."

கையைக் கழுவிவிட்டு வந்து வைத்தார். அவள் குதிரையைத் தொடவில்லை. ராணிக்கு ராணி வெட்டினாள். அதன்பிறகு நிதானமாகக் குதிரையையும் எடுத்தாள். செல்வதாஸிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

"அவன் எடுத்தானே டீச்சர். ஜெயிச்சாச்சுல்லா."

"எடுக்கலேன்னா?"

"எடுப்பான்னு என் மனசு சொல்லிச்சு."

"அவன் மனசைக் கேட்டீங்களா?"

"அதை எப்படிக் கேக்க?"

பெனிலா எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள். "இங்கே வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் ஆட்டத்தை மறுபடி அடுக்கி, குதிரையைச் சிப்பாய்க்கு முன்னால் வைத்தாள்.

"எடுப்பீங்களா?"

செல்வதாஸ் சிப்பாயையும், அது விலகினால் திறக்கும் வழியையும் பார்த்தார். "மாட்டேன்" என்றார்.

அவள் பலகையை மடித்தாள்.

மதியம் இறுதிப் போட்டி. எதிரணி மார்த்தாண்டம். சென்ற ஆண்டுக் கோப்பை அவர்களுடையது. சமநிலை என்றால் அது அவர்களிடமே இருக்கும். முதல் பலகையில் வடசேரி வென்றது. இரண்டாவதில் தோற்றது. மூன்றாவது டிரா. கடைசியில் செல்வதாஸின் பலகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மண்டபம் முழுவதும் அதைச் சுற்றி வந்து நின்றது. அவர் ஜெயித்தே ஆக வேண்டும்.

எதிரே தேன் வியாபாரி ரெஜினால்டு. செல்வதாஸிடம் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. அவ்வளவுதான்.

அப்போதுதான் அது அவர் கண்ணில் பட்டது. யானையை முன்னால் அனுப்பி ரெஜினால்டின் குதிரைக்குக் கொடுத்தால் போதும். குதிரை அதை எடுக்கும். எடுத்தால் அடுத்த நகர்த்தலிலேயே மேட். பின்னால் மரியஜான் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது, அவரும் பார்த்துவிட்டார். செல்வதாஸின் கை யானையை நோக்கிப் போயிற்று. தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும்.

தொடவில்லை.

ரெஜினால்டு தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். செல்வதாஸ் தன் கடிகாரம் ஓட ஓட எழுந்து, சுற்றிப் போய், ரெஜினால்டின் காலி நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

அங்கிருந்து பார்த்தால் யானையை விட வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. யானை கிளம்பிவிட்டால் தன்னுடைய கடைசி வரிசை காலி. குதிரை எடுக்காமல் ரெஜினால்டின் யானை அங்கே இறங்கினால் மேட் ஆவது தன்னுடைய ராஜா.

திரும்பி வந்து உட்கார்ந்தார். ராஜா தப்ப ஒரு வழி இருக்கட்டும் என்று, அதன் முன்னால் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

"போச்சு" என்று மரியஜான் முணுமுணுத்தார்.

பிறகு செல்வதாஸ் கிடைத்த இடத்திலெல்லாம் வெட்டுக்கு வெட்டு மாற்றினார். யானைகள் போயின. குதிரைகளும் போயின. அவருடைய ராஜா மூலையிலிருந்து கிளம்பி, கட்டம் கட்டமாக நடந்து, அந்தக் கூடுதல் சிப்பாய்க்கு முன்னால் போய் நின்றது. கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரெஜினால்டு என்ன செய்வார் என்று பார்த்த பிறகே காயைத் தொட்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியில் ஏறி நின்றார்கள். சிப்பாய் ஏழாவது வரிசைக்குப் போனது, இன்னும் ஒரு கட்டம் போனால் அது ராணி. அதைத் தடுக்க ரெஜினால்டுக்கு இடமில்லை.

ரெஜினால்டு தோல்வியை ஒப்புக்கொண்டு கையை நீட்டினார்.

மண்டபம் அதிர்ந்தது. மரியஜான் அழுதேவிட்டார். அடுத்த மாதம் திருநெல்வேலியில் நடக்கும் மண்டலப் போட்டிக்கு வடசேரி போகிறது என்று மேடையில் ஒருவர் அறிவித்தார். அது யார் காதிலும் சரியாக விழவில்லை.

சத்தம் அடங்கியதும் செல்வதாஸ் அந்த யானை இருந்த நிலையில் காய்களை மறுபடி அடுக்கி, ரெஜினால்டைக் கூப்பிட்டார்.

"இந்த இடத்திலே நான் யானையைக் கொடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ரெஜினால்டு குனிந்து பார்த்தார். "எடுத்திருப்பேன். சும்மா வர்ற யானையை யாராவது விடுவாங்களா?"

செல்வதாஸின் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற பெனிலாவைப் பார்த்தார்.

"கேட்டீங்களா டீச்சர்? எடுத்திருப்பாராம். அப்பவே முடிஞ்சிருக்கும். இவ்வளவு நேரம் வேர்த்து வழிஞ்சதெல்லாம் வீண்தானே?"

"ஆமா அண்ணாச்சி" என்றாள் பெனிலா. "திருநெல்வேலியிலேயும் உங்க எதிரே உக்கார இவரையே கூட்டிட்டுப் போயிருவோமா?"